ஹட்டி வரை ஏறும் வண்டி எது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் (4x4) வண்டி வாங்குவதைப் பற்றியவை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் பல கடிதங்களில் தெரிகிறது. கோத்தகிரியிலிருந்து வந்த நீண்ட கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்ட பலவற்றுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு ஹட்டியில் (மலைச் சிற்றூரில்) வசிக்கிறோம். நான் குன்னூரில் ஆசிரியை. தினமும் போய்வர வேண்டும். பெரிய சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்தின் நடுவே அறுநூறு மீட்டர் மண் ஏற்றம். மழைக்காலத்தில் இப்போதுள்ள சிறிய காரைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்துதான் ஏறுகிறோம். கணவர், பதினொரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் எனக் குடும்பத்தில் ஐந்து பேர். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உறவினரின் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குவோம். பத்து இலட்ச ரூபாய்க்குள் மகிந்திரா தார், ஜிம்னி, ஜிப்சி, சஃபாரி ஸ்டார்ம், டஸ்டர் ஆகியவற்றைப் பார்த்திருக்கிறோம். கணவருக்குத் தார் மீது மிகுந்த ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, நீங்கள் எழுதிய வண்டிப் பெயர்களைவிட எனக்கு அதிகம் உதவிய தகவல், நீங்கள் ஐந்து பேர் என்பதுதான். ஐந்து பேருக்கும் முன்னோக்கி அமரும் இருக்கையும், ஒவ்வொருவருக்கும் ஒரு சீட் பெல்ட்டும் இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டால், நீங்கள் பார்த்தவற்றில் மூன்று வண்டிகள் அங்கேயே விலகிவிடுகின்றன. 2023-ல் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் நான்கு பேருக்குத்தான் இடம். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரும், பின்னிருக்கைகள் முன்னோக்கி இருக்கும் வகையில், நால்வருக்கான வண்டியே. அதற்கு முன் 2010 முதல் விற்பனையான தாரிலும், பெரும்பாலான ஜிப்சிகளிலும் பின்னால் இருப்பது எதிரெதிரே பக்கவாட்டில் அமரும் பெஞ்சு. கொண்டை ஊசி வளைவில் திடீரென்று பிரேக் போட நேர்ந்தால், அந்தப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் குழந்தையைத் தடுத்து நிறுத்த எதுவும் இருக்காது. உங்கள் கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது. தார் நல்ல வண்டி, மண்ணில் அது ஏறும் விதத்தைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைத் தினமும் அந்தப் பெஞ்சில் ஏற்றிக்கொண்டு மலைச் சாலையில் போகச் சொல்ல என்னால் முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகள் பழைய வண்டிகள் பலவற்றில், பின்வரிசையின் நடு இருக்கைக்கு இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டுமே இருக்கும். அப்படியிருந்தால் பெரியவர் ஒருவர் நடுவில் அமர்ந்து, பிள்ளைகள் இருவரையும் ஓரங்களில் தோள் பெல்ட்டோடு உட்கார வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை ஒன்று வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் தோளில் படிய வேண்டிய பெல்ட் கழுத்தில் ஏறிவிடும்.

அடுத்து, அந்த அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு என்ன தேவை என்று பார்ப்போம். ஃபோர் வீல் டிரைவ் என்று பொதுவாகச் சொல்லப்படும் வண்டிகளில் இரண்டு இனங்கள் உண்டு. தார், ஜிப்சி, ஜிம்னி, ஸ்டார்ம், ஸ்கார்ப்பியோ ஆகியவற்றில் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்ற இரண்டாவது கியர் பெட்டி இருக்கிறது. சாதாரணமாக இவை பின்சக்கரங்களால் மட்டும் ஓடும். ஓட்டுநர் லிவரையோ திருகு குமிழையோ போட்டால்தான் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் ‘லோ’ என்ற தாழ்ந்த கியர் தொகுதியும் உண்டு. அதில் போட்டால் வண்டி நடப்பவரின் வேகத்தில், ஆனால் மிகக் கூடுதலான இழுவிசையோடு ஊர்ந்து ஏறும். டஸ்டர் ஏ.டபிள்யூ.டி., டாடா ஹெக்ஸா 4x4 போன்ற இரண்டாவது இனத்தில் அந்த ‘லோ’ கிடையாது. சக்கரம் வழுக்குவதை உணர்ந்து, அடுத்த அச்சுக்கும் விசையைத் தானாகவே பகிர்ந்து அனுப்பும் கப்ளிங் மட்டும் இருக்கும்.

முதல் இன வண்டியை வாங்குகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருளுகின்றன. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும்போது, அந்த வித்தியாசம் எங்காவது கழிந்தாக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்றே வழுக்கி அதைக் கழித்துவிடும். காய்ந்த சாலையில் வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு முழுவதும், விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய்ச் சேரும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் கிறீச்சிடும், கடைசியில் லிவர் வெளியே வர மறுக்கும். அப்போது பலத்தைக் காட்டி இழுக்காமல், வண்டியை நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக வந்துவிடும். மழை பெய்கிறது என்பதற்காகக் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வரை ‘4ஹெச்’-இல் (நான்கு சக்கரமும் பூட்டிய, ‘லோ’ அல்லாத நிலையில்) ஓட்டிச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குபவர்தான் அதன் செலவை ஏற்கிறார்.

நான்கு சக்கரமும் இழுப்பதால் ஏறுவது எளிதாகிறது. ஆனால் நிற்பது சிறிதும் எளிதாவதில்லை. எந்தக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஈரமான இறக்கத்தில் உங்களைக் காப்பவை டயரின் பள்ளமும், பிரேக்கின் நிலையும், நீங்கள் போட்டிருக்கும் கியரும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நடந்த விபத்துகள் பலவற்றுக்கும் காரணம், உயர்ந்த கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியதே. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பேட் சூடேறிப் பிடியை இழக்கும். பல ஆண்டுகள் மாற்றாத பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். பிறகு பெடல் தரைவரை போகும். இதனாலேயே, எனக்கு ஒரு தொகையைக் கொடுத்து வண்டி வாங்கச் சொன்னால், பெயர் பெற்ற 4x4 ஒன்றைத் தேய்ந்த டயரோடு வாங்குவதைவிட, எளிய வண்டி ஒன்றை வாங்கி, அன்றே நான்கு புதிய டயரும் புதிய பிரேக் பேடும் ஆயிலும் போடுவேன்.

இப்போது உங்களுக்கு மிஞ்சுவது டஸ்டரும் ஸ்டார்மும். உங்கள் தொகைக்குள் கிடைக்கக்கூடிய ஹெக்ஸாவையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. 2014-ல் வந்தது. 1.5 லிட்டர், 110 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், ஆறு கியர். ‘லோ’ இல்லாத குறையை ஈடுகட்ட, முதல் கியரை மிகவும் தாழ்வாக அமைத்திருக்கிறார்கள். சமதளத்தில் இரண்டாவது கியரிலேயே கிளம்பிவிடலாம். சாதாரண டஸ்டரில் இல்லாத தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் இதில் உண்டு என்பதால், குழிகளில் மாமியாருக்கு முதுகு வலிக்காது. ஒரு திருகைத் திருப்பினால் டூ வீல், ஆட்டோ, லாக் என மூன்று நிலைகள். தினமும் குன்னூர் சென்று வருவதற்கு ஸ்டார்மைவிட இது மிகவும் இலகுவானது, எரிபொருளும் குறைவு. கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்த எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். மாற்றிய ரசீது இல்லையென்றால், விற்பவர் எத்தனை உறுதி சொன்னாலும் அதை மாற்றுவதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். அடுத்தது, நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓட்டினால் கப்ளிங் ஓயாமல் உழைத்துக் கெட்டுப்போகும்.

சஃபாரி ஸ்டார்ம் ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள, இரும்புச் சட்டகமான சேஸிஸின் மேல் உடல் வைத்துக் கட்டிய வண்டி. திருகைத் திருப்பி 4x4-க்கும் ‘லோ’-வுக்கும் மாற்றலாம். பின் கதவுக்கு அருகில் உள்ள பக்கவாட்டு இருக்கைகளை மடித்துவிட்டால், கூடாரமும் பாத்திரமும் படுக்கையும் கேட்காமலே உள்ளே போய்விடும். ஆனால் ஹட்டிச் சந்தில் எதிரே பால்வண்டி வந்தால் ஒதுங்குவது சிரமம். 2017 ஜனவரியில் வந்த ஹெக்ஸா 4x4 மேன்யுவல் கியரில் மட்டுமே வந்தது. மேல் வகையில் ஆறு ஏர்பேக்கும், வண்டி வழுக்கித் தடம் மாறாமல் காக்கும் ஈ.எஸ்.பி.யும் உண்டு என்பது அதன் பெரிய பலம். இதுவும் கனத்த, அகன்ற வண்டிதான்.

உங்கள் மண் பாதையை மழை நின்ற மறுநாள் நடந்து பாருங்கள். டிராக்டரும் தேயிலை லாரியும் போன தடத்தின் ஆழத்தை உங்கள் கையால் அளந்து பாருங்கள். தடத்தின் ஆழம் ஒரு சாணைவிட நன்றாகக் குறைந்து, பாதையில் ஆங்காங்கே கல் பாவியிருந்தால் டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. தாராளமாகப் போதும், என் முதல் பரிந்துரையும் அதுவே. ஒரு சாணை நெருங்கும் ஆழம் என்றால் டஸ்டரின் வயிறு நடுமேட்டில் உட்கார்ந்துவிடும். சக்கரங்கள் தொங்கும்போது எத்தனை சக்கரம் இழுத்தாலும் பயனில்லை. தரையிலிருந்து ஸ்டார்மின் உயரமும் இதைவிட அதிகமில்லை என்பதால், முதலில் தடத்தை நிரப்பிச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் ஏற்றத்துக்கு ‘லோ’ தேவைப்பட்டால் ஸ்டார்மை நோக்கிப் போங்கள். எதுவானாலும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இரண்டு ஏர்பேக்கும் உள்ள வகையாகப் பாருங்கள். 2019-க்கு முந்தைய வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாக இருக்கவில்லை என்பதால், ஒரே பெயரில் அது உள்ளதும் இல்லாததும் விற்பனைக்கு வரும்.

வண்டியைச் சோதிப்பது பற்றி எழுதும்போது, நான் ஏமாந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வாங்கிய முதல் பழைய ஜீப் ஒரு தோட்டத்தில் ஓடியது. எஞ்சின் நன்றாக இருந்தது, புகை இல்லை, அடிப்பாகம் முழுவதும் பளபளவென்று கறுப்புப் பூச்சு. பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து வாங்கினேன். ஆறு மாதம் கழித்துக் குன்னூரில் ஒரு பட்டறைக் குழியின் மேல் வண்டியை நிறுத்தியபோது, மெக்கானிக் ஒரு ஸ்பானரால் சேஸிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ‘டங், டங்’ என்று வந்த ஓசை, பின்புறக் கமான் பட்டை மாட்டியிருக்கும் இடத்தை நெருங்கியதும் ‘பொத்’ என்று மாறியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பூச்சுக்கு அடியில் இரும்பே இல்லை, செதில் செதிலாகத் துரு மட்டும். பல ஆண்டுகள் உர மூட்டை ஏற்றிய வண்டி அது. உரத்தில் உள்ள உப்பு சிந்தி, மலையின் ஈரத்தோடு சேர்ந்து, உள்ளிருந்தே இரும்பைத் தின்றிருக்கிறது. அந்தச் சேஸிஸோடு என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆறு மாதம் மலை இறங்கியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. புதிதாகப் பூசிய அடிப்பாகத்தைக் கண்டால் மகிழாதீர்கள், தட்டிப் பாருங்கள்.

சோதிக்கப் போகும் அன்று காலையில், நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது வரும் வெண்புகை சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும். நீலப்புகை தொடர்ந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கும்போது காற்று புசுபுசுவென்று பலமாக வெளியே தள்ளினால், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பிறகு, ‘லோ’ உள்ள வண்டியானால், மண் தரைக்குக் கொண்டுபோய் ‘4ஹெச்’, ‘4எல்’ (‘லோ’) இரண்டையும் போடச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. பின்சக்கரங்கள் ஈரச் சேற்றில் இருக்கும்படி நிறுத்தி, ஒருவர் மெதுவாக வண்டியை எடுக்கும்போது நீங்கள் வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று முன்சக்கரம் உண்மையில் மண்ணைப் பிடித்து இழுக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துச் சுற்றும்போது ‘கட் கட்’ என்று கேட்டால் முன் ஷாஃப்டின் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அச்சின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆற்றிலோ வெள்ளத்திலோ இறக்கியிருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவுகிறவர்கள் அங்கே தங்கிய சேற்றுக்கோட்டை மறந்துவிடுவார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைய இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த டயர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது.

பத்து இலட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரை இலட்சத்தையாவது டயருக்கும் பிரேக்குக்கும் ஆயில்களுக்கும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கூடலூரில் ஒருவர் 2023-ஆம் ஆண்டுத் தார் ஒன்றை ‘4x4’ என்று விளம்பரம் செய்திருக்கிறார். விலை மிகவும் குறைவாக இருக்கிறது. எப்படி உறுதி செய்துகொள்வது?
– வாசகர், கூடலூர்

பதில்: விலை குறைவுக்கான காரணத்தை நீங்களே பாதி ஊகித்துவிட்டீர்கள். 2023 ஜனவரியில் தாரில் பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் வகை வந்தது, 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் அந்த வகைக்கே உரியது. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், அது கடையில் கிடைக்கும். உள்ளே கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லிவர் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் குனிந்து, முன்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியலும் அதற்கு வரும் ஷாஃப்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டஸ்டர், ஸ்கார்ப்பியோ, ஸ்டார்ம், ஃபார்ச்சூனர் எல்லாவற்றிலும் இரண்டு சக்கர வகைகள் விற்றிருக்கின்றன என்பதால் இதே எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். டஸ்டரில் மட்டும் பின்புறம் குனிந்து, பின் அச்சுக்கு வரும் ஷாஃப்டைத் தேட வேண்டும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் என்ன வகை என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஒரு மகளும்தான். மகளைப் பள்ளியில் விட்டுவர தினமும் நான்கு கிலோமீட்டர்; மாதம் ஒருமுறை வத்தலக்குண்டு. 2021 டீசல் தார் ஒன்றும், அதே ஆண்டுப் பெட்ரோல் தார் ஒன்றும், ஒரு ஜிம்னியும் கிடைக்கின்றன. எது பொருத்தம்?
– வாசகர், பூம்பாறை

பதில்: மூன்று பேர் என்பதால் மூன்றும் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் தினம் நான்கு கிலோமீட்டர் என்பது நவீன டீசலுக்கு ஆகாத ஓட்டம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தமாக வேண்டுமானால், எஞ்சின் நன்றாகச் சூடேறித் தொடர்ந்து சிறிது நேரம் உழைக்க வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் நான்கு கிலோமீட்டருக்குள் எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே பள்ளி வந்துவிடும். வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதும் எஞ்சினுக்கு வேலையில்லை. திரும்பி ஏறும்போதுதான் வடிகட்டி சூடாகும். மாதம் ஒருமுறை ஏறுவது போதாது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் சிறு ஓட்டமாகவே ஓட்டினால், வடிகட்டி அடைத்துப் பெரிய செலவு வைக்கும். ஆகவே பெட்ரோலையே வாங்குங்கள்.

பெட்ரோலில் எது என்றால், உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. காற்றே மெலிந்துவிடுவதுதான் காரணம். ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ இல்லை. அதன் 105 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் ஊரில் இருக்காது. தாரின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் டர்போ உள்ளது, 150 குதிரைத்திறன். உயரத்தில் அவ்வளவாகச் சோராது, ஆனால் நிறையக் குடிக்கும். குறுகிய பாதையில் திரும்புவதற்கும், எளிதாக நிறுத்துவதற்கும், செலவுக்கும் ஜிம்னி. முழுச் சுமையோடு அடிக்கடி ஏற்றம் ஏறுவதாக இருந்தால் தார். உங்கள் ஓட்டத்துக்கு நான் ஜிம்னியையே எடுப்பேன். வலு குறைந்தாலும் அதன் எடை குறைவு, ‘லோ’ கியரும் இருக்கிறது.

கேள்வி: வண்டியின் மேல் கேரியர் அடித்து, அதில் கூடாரம், அடுப்பு, கேஸ் சிலிண்டர், நாற்காலிகள் எல்லாவற்றையும் ஏற்றலாம் என்றிருக்கிறோம். குளிர் அதிகமானால் வண்டிக்குள்ளேயே பிள்ளைகளோடு தூங்கலாமா? அவலாஞ்சிப் பக்கம் போக ஆசை.
– வாசகர், குன்னூர்

பதில்: கனமான பொருள் எதுவும் கூரைக்குப் போகக் கூடாது. உயரமான வண்டியின் தலையில் அறுபது எழுபது கிலோ ஏற்றினால், கொண்டை ஊசி வளைவில் அது சாய்வதை நீங்கள் ஸ்டீயரிங்கிலேயே உணர்வீர்கள். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். கூடாரத் துணி, படுக்கை, பாய் போன்ற இலேசானவை மேலே. தண்ணீர்க் கேனும் பாத்திரமும் பின்னிருக்கையை ஒட்டிக் கீழே, பட்டையால் இறுக்கிக் கட்டி. சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், வால்வை மூடி, அசையாமல் இருக்க வேண்டும்.

வண்டிக்குள் தூங்கலாம், ஆனால் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ வண்டிக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, எழுப்பவும் எழுப்பாது. இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியை அடுத்த தலைகுந்தாப் பக்கமெல்லாம் உறைபனி விழும். தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்கத் தடித்த பாயும், ஒருவருக்கு ஒரு கம்பளி கூடுதலும் கொண்டுபோனாலே பெரும்பாலும் போதும். இரண்டு கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கி வையுங்கள்.

அவலாஞ்சிக்குப் போய்ப் பார்த்து வரலாம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டில் கூடாரம் போடுவதும், வண்டியைப் பாதை விட்டு இறக்குவதும் குற்றம். நீரோடைக் கரையிலும் புல்வெளியிலும் ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் மழையில் ஓடையாகிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகும் எண்ணமே வேண்டாம். உரிமையாளரின் சம்மதத்தோடு, வீட்டுக்கு அருகில், யானையும் காட்டெருமையும் நடமாடாத தோட்ட நிலத்தில் தங்குங்கள். உணவை வண்டிக்குள் பூட்டி வையுங்கள். கரடி வரும் ஊர் நம்முடையது.

கேள்வி: தில்லிப் பதிவில் உள்ள டீசல் 4x4 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடுவதற்கு 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விலை சரிந்ததற்கு அதுதான் காரணமே தவிர, வண்டி மோசம் என்பதல்ல. ஆனால் இங்கே அதை உங்கள் பெயருக்கு மாற்ற, அந்த ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கி தீர்த்துக் கொடுத்த படிவம், 29, 30 எண் படிவங்கள், தமிழ்நாட்டின் வரி ஆகிய எல்லாம் வேண்டும். இவை கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை எம்-பரிவாகன் செயலியில் முன்பே பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலையில் கணக்கிடுங்கள். வண்டியில் பெரிய டயரோ முன்னால் இரும்புக் கம்பிக் கட்டோ பொருத்தியிருந்தால், விற்பவரையே கழற்றித் தரச் சொல்லுங்கள். நிறுவனம் தந்த அமைப்பிலிருந்து மாற்றிய வண்டி, புதிய பதிவுக்கு ஆய்வுக்கு நிற்கும்போது திருப்பி அனுப்பப்படும். நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையில், நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. தில்லி எண் பலகை இருக்கும்வரை, நீங்கள் உதகைக்காரராகவே இருந்தாலும், மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று பாஸைக் காட்ட வேண்டியிருக்கும்.